ஆறு எழுத்து, உண்மையல்ல

"அசையாதீங்க" என்கிறாள் க்வெண்டா த்ரெல்ஃபால்.
"அதற்காகத்தானே குறுக்கெழுத்து கொண்டுவந்தேன்"
என்கிறார் லெனர்ட்.
பிளாக்பூலில் மழை.
வடக்கு ஜன்னல் வெளிச்சம் கழுவிய தட்டின் நிறம்.
அவள் விரல் நுனியில் பொத்தான் அளவு வட்டு.
அதில் பாதிவரை வந்திருக்கிறது
அவருடைய இடது கண்ணின் சாம்பல்.

வலது கண்
ஐஸ்லாந்துக்குத் தெற்கே, எழுபத்து மூன்றில்,
அறுந்து சுழன்ற இரும்பு வடத்தோடு போனது.
அதன்பின் இது ஏழாவது.
கண்ணாடிக் கண் என்றுதான் இன்னும் சொல்கிறார்.
கண்ணாடி இதில் ஒரு துளியும் இல்லை,
அத்தனையும் அக்ரிலிக்.
போலிக்கு இட்ட பெயரும் போலி.

"உண்மையல்ல. ஆறு எழுத்து."

ஃபோனி, என்கிறாள் தலை நிமிராமல்.
பித்தளை மோதிரத்தைத் தெருவில் நழுவவிட்டு
பொன் என்று தலையில் கட்டிய
பழைய லண்டன் எத்தர்களின் சொல்.
மோதிரத்துக்கு ஐரிஷ்காரர் வைத்த பேரில் பிறந்ததாம்.
கட்டத்தில் பொருந்துகிறது.
எர்சாட்ஸும் பொருந்துகிறதே,
சிக்கரியை வறுத்துக் காப்பி என்று குடித்த
போர்க்காலத்து ஜெர்மன் சொல்.
"என் அம்மா குடித்திருக்கிறாள்.
ஏப்பம் மட்டும் அசல் என்பாள்."
நாலெழுத்தென்றால் ஷாம், ஐந்தென்றால் போகஸ்.
ஏமாந்த ஒவ்வொரு முறையும்
ஒரு சொல் வாங்கி வந்திருக்கிறது இந்த மொழி.

"ஏன், என் பெயரே இருக்கிறதே!"
ஸ்விண்டில்ஹர்ஸ்ட்.
ஸ்விண்டில் என்றால் மோசடி.
பள்ளியில் பெயர் கூப்பிட்ட காலையெல்லாம் சிரிப்பு.
அது பன்றி மேய்ந்த ஏதோ மேட்டின் பெயராம்,
யாரும் நம்பவில்லை.

சிவப்புப் பட்டுநூலை இழை இழையாகப் பிரித்து
வெள்ளையில் நரம்பு பதிக்கிறாள் அவள்.
இந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது.
இரண்டு இழை கூடுதல்.

எனக்கு இந்த அறையில் வேலை இல்லை.
ஆனாலும் கதவோரம் நின்று சொல்லத் தோன்றுகிறது:
எங்கள் மொழியில் மழையும் பொய்க்கும்,
வராத மழையை அப்படித்தான் சொல்வோம்.
போலி என்ற சொல்லைப் பிட்டுப் பார்த்தால்
களவு இல்லை, கள்ளச் சாவி இல்லை,
‘போல’ இருக்கிறது.
மானைப் போல, கயலைப் போல என்று
கண்ணுக்காக நாங்கள் காடும் குளமும் அலைந்த
அதே ‘போல’.
க்வெண்டா, நீ செய்வதற்கு
எங்களிடம் உவமை என்று பெயர்.

அவளுக்கோ வேறு கவலை.
கண்மணியை எந்த அளவில் வைப்பது,
வெயிலுக்கா, விளக்குக்கா?
நிஜக் கண் ஆளைப் பார்த்து, நேரம் பார்த்து
விரியும், சுருங்கும்.
இதுவோ சொன்ன சொல் மாறாதது.
"அந்திக்கு வை" என்கிறார்.
பிங்கோ ஹாலில் பகலெல்லாம் எண் கூவிவிட்டு
மேவிஸ் வீடு திரும்பி
அவரை முகம் பார்ப்பது அப்போதுதான்.

டிராம் நிறுத்தத்தில் கடற்காற்று.
இரண்டு கண்ணிலும் நீர் வழிகிறது, ஒரே அளவில்.
நீலிக் கண்ணீர் என்று ஒன்று உண்டு,
அதற்கு இரண்டு நல்ல கண் வேண்டும்.
செங்குத்து பதினொன்று விழுந்துவிட்டது,
ஆகவே கடைசி எழுத்து டி.
ஃபோர்ஜ்ட்.
கொல்லன் உலைக்கும் கள்ளக் கையெழுத்துக்கும்
ஒரே சொல்.
எழுதப் போனால் தாள் ஈரம்,
பென்சில் முனை ஓட்டை போடுகிறது.

ஃப்ளீட்வுட் வண்டி வந்தது.
கண்டக்டர் பெண் சீட்டைக் கிழித்து
அவருடைய வலது கண்ணைப் பார்த்துக் கேட்கிறாள்:
"என்ன குளிர், இல்லையா?"

குளிர்தான்.